சிவகாசி வட்டாரத்தில் கல்வியும் ஆரோக்கியமும்: நலத்திட்டங்களின் அமைப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி உலகம் பேசிவந்த செய்திகள் இரண்டு. இரண்டும் உண்மை, ஆயினும் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் திகைப்பு உண்டாகாமற் போகாது. வணிகர்கள் தம் சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணத்தைக் கொண்டு 1889-ஆம் ஆண்டிலேயே க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவி, வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியால் அதைப் பேணிய ஊர் விருதுநகர். இலவசக் கல்வியையும் மதிய உணவையும் மாநிலமெங்கும் பரப்பிய காமராஜர் 1903-இல் பிறந்த ஊரும் அதுவே. பிற்காலத்தில் பள்ளி இறுதித் தேர்வுகளின் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டமும் அதுவே. அதே மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைக் கரிசல் கிராமங்களிலிருந்து, பள்ளிப் பிராயத்துச் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில், விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் வேலைக்குப் போய்வந்தார்கள் என்பது மற்றொரு செய்தி. தொழிற்சாலையை ஆபீஸ் என்றே அவ்வட்டாரத்தார் சொல்லுவது வழக்கம்.

கல்வியை இவ்வளவு மதித்த ஒரு பிரதேசத்தில் குழந்தைகள் ஏன் வேலைக்குப் போனார்கள், அந்த வழக்கம் பிற்காலத்தில் எவ்வாறு பெருமளவு குறைந்தது, அதில் அரசும் நீதிமன்றமும் சர்வதேச ஸ்தாபனங்களும் வகுத்த திட்டங்களுக்கு உரிய பங்கு என்ன என்று விசாரிப்பது, ஒரு மாவட்டத்தின் சரித்திரத்தை அறிவதோடு முடிந்துவிடும் காரியமன்று. கல்வியிலும் ஆரோக்கியத்திலும் இடையிட்டு மக்கள் வாழ்வைத் திருத்த முற்படும் எந்தத் திட்டமும் எவ்வாறு அமைய வேண்டும் என்ற பொதுக் கேள்விக்கும் அது விடை தேடித் தருவதாகும். அந்த விசாரணையின் முடிவாக இக்கட்டுரை நிலைநாட்ட விரும்புவது இது: குடும்பம் அன்றாடம் செய்யும் கணக்கை அறிந்து வீட்டு வாசல்வரை சென்ற திட்டங்கள் பலன் அளித்தன, ஆலையின் வாசலிலேயே நின்றுவிட்டவை பாதிப் பலனே அளித்தன, எதனால் எவ்வளவு பலன் விளைந்தது என்று நிச்சயித்துச் சொல்வதற்குரிய அளவையை முன்கூட்டியே அமைக்காத குறையோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது.

ஆலையின் ஏற்பாடு

மழையை நம்பிய கரிசல் பூமியில், பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்தால் விளைந்தது, இல்லையேல் இல்லை என்றிருந்த காலத்தில், அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று அடுத்த ஆண்டு ஊர் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழில் வறண்ட வானிலையையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்தது. மருந்து விரைவில் உலரும்; ஆண்டின் பெரும்பகுதி வேலை தடைப்படாது; மாற்றுப் பிழைப்பற்ற கிராமங்களில் கூலிக்கு ஆள் கிடைக்கும். 1940-களில் பட்டாசுத் தொழிலும் உடன் வளர்ந்தது. இயந்திரத்தால் செய்யப்படும் தீப்பெட்டிக்கு ஒரு வரியும், கையால் செய்யப்படும் தீப்பெட்டிக்கு அதனினும் குறைந்த வரியும் விதித்த அரசின் கலால் வரிக் கொள்கை, சிறு தொழிலைக் காக்கும் நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்டதே. ஆயினும் அது கைவேலையை நீடிக்கச் செய்ததால், சட்டகத்தில் குச்சிகளை வரிசையாகப் பதிக்கும் கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் முதலான, சிறு விரல்களாலும் செய்யத்தக்க வேலைகளுக்குத் தேவை குறையாமலே இருந்தது. ஒரு துறையில் நலம் கருதி வகுத்த விதி மற்றொரு துறையில் தீங்கு பயக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

குழந்தைகளை வேலைக்குச் சேர்த்த முறையை ஆராய்ந்தவர்கள், குறிப்பாக 1983-இல் இதுபற்றி விரிவாக எழுதிய ஸ்மித்து கோத்தாரி, எடுத்துக்காட்டிய விவரங்கள் சிந்தனைக்குரியவை. ஆலைக்குச் சொந்தமான பஸ்ஸோ வேனோ விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே கிராமத்துக்கு வரும். கிராமத்திலேயே வசிக்கும் ஏஜெண்டு ஒருவர், அதற்கென ஆலையிடம் சம்பளம் பெறுபவர், வீடுவீடாகச் சென்று குழந்தைகளை எழுப்பி வண்டியில் ஏற்றுவார். குடும்பத்துக்கு அவசரம் நேர்ந்தால் ஆலை முன்பணம் கொடுக்கும். அதைக் குழந்தையின் கூலியிலிருந்து கழித்துக்கொள்ளும். கூலி செய்த வேலைக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டதால், அன்றன்று எவ்வளவு ஈட்டினோம் என்பதைக் குழந்தையே அறியும். வேலைக்குப் போனவர்களில் சிறுமியரே மிகுதி; ஏனெனில் ஒரே வீட்டில் அண்ணன் அல்லது தம்பி பள்ளிக்குப் போவதற்கு வேண்டிய செலவும் சிறுமியின் கூலியில் அடங்கியிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். ஆனால் திட்டம் வகுப்பவர் முதலில் செய்யவேண்டியது அதைப் படிப்பது. வாகனம் வீட்டருகே வருகிறது. அறிந்த மனிதர் ஒருவர் தினமும் வந்து கூப்பிடுகிறார். கைக்குப் பணம் காலந்தவறாமல் வருகிறது. கஷ்டகாலத்தில் கடன் கிடைக்கிறது. பள்ளியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பள்ளி ஓர் இடத்தில் அசையாமல் இருந்தது. குழந்தை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க எவரும் புறப்பட்டு வரவில்லை. அங்கே படித்ததன் பயன் பத்தாண்டுகளுக்குப் பின்னரே, அதுவும் நிச்சயமின்றி, கிடைக்கக்கூடியதாயிருந்தது. அமைப்பின் நுட்பம் என்ற ஒன்றை மட்டும் கருதினால், அக்காலத்துச் சிவகாசிக் கிராமங்களில் மிக நேர்த்தியாக நடைமுறைப்படுத்தப்பட்ட திட்டம் ஆலையின் ஆள்சேர்ப்புத் திட்டமே என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வறுமைதான் காரணம் என்று பொதுப்படக் கூறிவிடுவோர் இதைக் காணத் தவறினர். வறுமை இருந்தும் இந்த ஏற்பாடு இல்லாத அண்டை மாவட்டங்களில் குழந்தைகள் இவ்வளவு திரளாக ஆலைக்குச் செல்லவில்லை.

குழந்தைத் தொழிலின் அளவைப் பற்றியும் அன்று உடன்பாடு இருக்கவில்லை. 1985 டிசம்பர் 31-ஆம் தேதியன்று சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் 27,338 பேர் வேலை பார்த்தனர் என்றும், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்றும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு கூறியது. வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களோ 45,000 என்று மதிப்பிட்டனர். ஒரு கணக்கு, பதிவேட்டில் பெயர் உள்ள குழந்தையை மட்டும் எண்ணியது. மற்றொன்று, பதிவு பெறாத பட்டறைகளையும் வீட்டுத் திண்ணைகளையும் சேர்த்து எண்ணியது. 2,941 என்ற எண்ணை நம்பித் திட்டம் வகுப்பவர் சில பள்ளிகளோடும் சில இன்ஸ்பெக்டர்களோடும் திருப்தியடைவார். மற்ற எண்ணை நம்புபவர் ஒரு பிரதேசத்தின் வாழ்க்கை முறையையே மாற்ற வேண்டுமென்று உணர்வார். திட்டத்தின் தன்மையை அதன் முதல் கணக்கெடுப்பே நிர்ணயித்துவிடுகிறது.

சட்டமும் சிறப்புப் பள்ளியும்

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 1987 ஆகஸ்டில் தேசியக் கொள்கை வெளியாயிற்று. அதன்படி தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வகுக்கப்பட்டபோது, அதை முதன்முதலில் ஏற்ற இடங்களுள் சிவகாசி வட்டாரமும் ஒன்றாயிற்று. வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கென்று சிறப்புப் பள்ளி, அங்கே பாடத்தோடு கைத்தொழிற் பயிற்சி, மதிய உணவு, மருத்துவப் பரிசோதனை, மாதந்தோறும் ஓர் உதவித்தொகை, சில காலத்துக்குப் பின் பொதுப் பள்ளியில் சேர்த்தல் என்ற வரிசையில் திட்டம் அமைந்தது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட சங்கம் அதை நடத்தியது. கல்வியையும் ஆரோக்கியத்தையும் பிரிக்காமல் ஒரே கூரையின்கீழ் வைத்த இந்த யோசனை அக்காலத்துக்குத் துணிவானது. 1960-களிலும் 70-களிலும் ஒவ்வொரு இலாகாவும் தன் வழியே சென்றுகொண்டிருந்த நிர்வாக மரபில் அது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் குடும்பத்தின் கணக்கோடு ஒப்பிட்டால் அதன் குறை தெரியவரும். உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 100 ரூபாயாக இருந்து, பின்னர் 150 ஆகி, 2017-இல்தான் 400 ஆயிற்று. அதுவும் குழந்தையின் பெயரில் வங்கியில் சேர்க்கப்பட்டு, பொதுப் பள்ளிக்கு மாறும்போது கைக்கு வருமாறு விதி செய்யப்பட்டது. தொகை வீணாகாமல் காக்கும் விவேகம் அவ்விதியில் உண்டு. ஆனால் அந்தந்த வாரத்துக் கூலியைக் கொண்டு அந்தந்த வாரத்து அரிசியை வாங்கும் வீட்டுக்கு, சில ஆண்டுகள் கழித்து வரும் தொகை எவ்வாறு ஈடாகும்? ஆலை வாரந்தோறும் கொடுத்ததைப் பள்ளி கடைசியில் கொடுப்பதாக வாக்களித்தது.

நீதிமன்றமும் தன் பங்கிற்கு ஒரு திட்டத்தை வகுத்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபர் 31-இல் தந்த தீர்ப்பு, தீப்பெட்டி உற்பத்தி நடக்கும் இடத்தில் குழந்தைகளை அமர்த்தலாகாது என்றும், உற்பத்தி இடத்துக்கு அப்பால் நடக்கும் பொதிகட்டும் வேலையில் அமர்த்தலாம் என்றும், அவர்களுக்குப் பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது தரவேண்டும் என்றும் கூறியது. ஆறாண்டுகளுக்குப் பின், 1996 டிசம்பர் 10-ஆம் தேதித் தீர்ப்பு இன்னும் ஆழமாகச் சென்றது. அபாயகரமான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குழந்தையின் வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வட்டி, குழந்தை பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும்வரை குடும்பத்துக்குச் சேரும். குழந்தையின் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு அதை ஈடு செய்யவேண்டும் என்ற தத்துவத்தை இந்நாட்டில் இவ்வளவு தெளிவாக உரைத்த அதிகாரபூர்வமான ஏற்பாடு அதற்குமுன் இல்லை. ஆனால் அதன் இயக்கம் முழுவதும் ஓர் இன்ஸ்பெக்டர் குழந்தையை ஆலைக்குள் கண்டுபிடித்து, வயதை நிரூபித்து, முதலாளியிடம் பணம் வசூலிப்பதைச் சார்ந்திருந்தது. வசூல் நடைபெறாத இடத்தில் நிதி இல்லை. நிதி இல்லாத இடத்தில் வட்டி இல்லை. அபராதத்தை ஆதாரமாகக் கொண்ட நலத்திட்டம், குற்றம் மறைந்து நடக்குமளவுக்குத் தானும் வறண்டுவிடும்.

குற்றம் மறைவதற்கு வழியும் இருந்தது. குடும்பத்தார் தம் பிள்ளைகளின் உதவியோடு நடத்தும் தொழிலுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஆலை வாசலில் காவல் பலப்பட்டதும், பெட்டி ஒட்டுதலும் பட்டாசுக்குரிய காகிதக் குழல் சுருட்டுதலும் வீடுகளுக்குப் பெயர்ந்தன. ஓரிடத்தில் கரையை உயர்த்தினால் நீர் தாழ்ந்த இடத்தைத் தேடிப் பாய்வது இயல்பே. வீட்டில் வேலை செய்யும் சிறுமி பள்ளிப் பதிவேட்டிலும் இருப்பாள். காலையிலும் மாலையிலும், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பகலிலும், தாயோடு அமர்ந்து குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டுவாள். ஆலையில் அவளை எண்ணியவர் அவள் மீட்கப்பட்டாள் என்று எழுதினார். வகுப்பறையில் அவளை எண்ணியவர் அவள் சேர்ந்துவிட்டாள் என்று எழுதினார். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோர் எத்தொழிலும் செய்யலாகாது என்றும், 18 வயதுவரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடலாகாது என்றும் விதித்த போதிலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவதற்கு இடமளித்தே நிறுத்திற்று.

இவ்விஷயத்தில் வங்காளதேசத்தின் அனுபவம் ஒப்புநோக்கத் தக்கது. குழந்தைகள் செய்த ஆடைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் மசோதா 1992-இல் அமெரிக்க சட்டசபையில் கொண்டுவரப்பட்டதும், அஞ்சிய முதலாளிகள் ஏறக்குறைய 50,000 குழந்தைகளை ஆலைகளிலிருந்து வெளியேற்றினர். அவர்களிற் பலர் பள்ளிக்குப் போகாமல் அதனினும் கொடிய வேலைகளுக்குப் போயினர் என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே 1995 ஜூலை 4-ஆம் தேதி ஆடை உற்பத்தியாளர் சங்கமும் யுனிசெப்பும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் ஓர் உடன்படிக்கை செய்தன: பள்ளியில் இடம் தயாராகும்வரை எந்தக் குழந்தையையும் நீக்கலாகாது, நீக்கிய பின் மாதந்தோறும் உதவித்தொகை தரவேண்டும், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு அவ்வேலையைத் தர முயலவேண்டும். தடை முந்தி ஏற்பாடு பிந்தினால் நேரும் கேட்டை அறிந்தபின் அவர்கள் வரிசையைத் திருப்பினர். 2004 முதல் விருதுநகரையும் உள்ளிட்ட தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இந்திய, அமெரிக்க அரசுகளின் கூட்டு நிதியால் நடந்த இண்டஸ் திட்டம், தாய்மாரின் வருமானத்தையும் பொதுப் பள்ளியின் தரத்தையும் சேர்த்துக் கவனிக்க முற்பட்டதும் இத்தகைய அனுபவங்களின் பயனே.

உணவும் எடைத் தராசும்

குடும்பத்தின் கணக்கை நேரடியாக மாற்றிய திட்டம் எது என்று கேட்டால், குழந்தைத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறாத மதிய உணவுத் திட்டத்தையே முதலில் குறிப்பிட வேண்டும். தந்தையை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தித் தாய்மாமன் கடையில் வேலைக்கு அமர்ந்த காமராஜர், பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தபோது, பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அன்றைக்கே, அங்கேயே, கைமேல் கிடைக்கும் ஒரு பயனை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையும் அதில் கலந்திருந்தது. பிடி அரிசியால் பள்ளி நடத்திய ஊரில் வளர்ந்தவருக்கு அம்முறை புதிதன்று. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதைப் பன்மடங்கு விரித்து, பள்ளி செல்லா இளங்குழந்தைகளையும் உள்ளடக்கியது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியுமுன் கூலிவேலைக்குப் புறப்படும் தாய் அடுப்பு மூட்ட நேரமின்றிப் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பும் வீடுகளை நேரே எட்டியது. பட்டாசுக் கிராமங்களில் இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

எல்லோருக்கும் ஒன்றுபோல் வழங்கும் இத்தகைய திட்டத்தின் அருகே, தேவையறிந்து வழங்கும் மற்றொரு வகையையும் இப்பிரதேசம் கண்டிருக்கிறது. 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், உலக வங்கியின் உதவியோடு ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. அவற்றுள் ஒன்றான அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தே 1985 மார்ச்சில் விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையைத் தாயின் கண்முன் வரைபடத்தில் குறித்து, எடை ஏறாமல் தடுமாறும் குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாட்கள் சத்துருண்டை தந்து, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. ஆகவே எக்காலத்திலும் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளே உணவு பெற்றனர், செலவு சுருங்கியது, அதனினும் முக்கியமாக, தன் குழந்தைக்கு உணவு ஏன் தரப்படுகிறது, ஏன் நிறுத்தப்படுகிறது என்பதைத் தாய் அறிந்தாள். கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின.

அந்தத் திட்டத்தின் உயிர்நிலை ஊர்ப் பணியாளரே. ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அதே ஊரைச் சேர்ந்த பெண்ணை, கூடுமானவரை தானும் ஏழையாயிருந்து தன் குழந்தைகளை நன்றாக வளர்த்தவளை, தேர்ந்தெடுத்தார்கள். இதே வசதிக்குறைவில் இவளால் முடிந்தது நம்மாலும் முடியும் என்ற எண்ணத்தைப் பிரசங்கம் எதுவும் இன்றி அவளுடைய வீடே அண்டை வீட்டாருக்கு உணர்த்திற்று. ஆலையின் ஏஜெண்டு எவ்விடத்தில் நின்றாரோ அவ்விடத்தில், அதே ஊர்ப் பழக்கத்தோடும் அதே அன்றாட வருகையோடும், வேறொரு காரியத்துக்காக இப்பெண் நின்றாள் என்பதே இவ்விரு ஏற்பாடுகளையும் ஒப்பிடுவோர் காணத்தக்க உண்மை.

அளக்கும் முறை

சிவகாசி வட்டாரத்தின் ஆலைகளில் குழந்தைகள் தொகை 1990-களுக்குப் பின் வெகுவாகக் குறைந்தது. சட்டத்தின் அச்சமா, சிறப்புப் பள்ளிகளா, சத்துணவா, 1990-களின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமா, கிராமந்தோறும் வந்த பஸ்ஸும் உயர்நிலைப் பள்ளியுமா, குடும்பத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கியதா, தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் புகுந்ததா, வெளிநாட்டில் சரக்கு வாங்குவோரின் நிர்ப்பந்தமா என்று கேட்டால், எல்லாமே என்பதுதான் நேர்மையான விடை. எது எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கூற முடியாமைக்குக் காரணம், திட்டங்கள் தொடங்கியபோது ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய கிராமங்களை எவரும் வகுத்து வைக்கவில்லை என்பதே.

அவ்வாறு வகுப்பது ஈவிரக்கமற்ற செயல் என்று சிலர் கருதுவர். சில கிராமங்களுக்குக் கொடுத்துச் சில கிராமங்களுக்கு மறுப்பதா என்று வினவுவர். ஆனால் நிதியும் ஆளும் ஒரே நாளில் எல்லாக் கிராமங்களுக்கும் கிடைப்பதில்லை. ஏதோ ஒரு வரிசையில்தான் திட்டம் பரவுகிறது. மெக்ஸிகோ அரசு 1997-இல் புரோகிரசா என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, 506 கிராமங்களைக் கொண்டு, அவற்றில் 320 கிராமங்களுக்கு முதலிலும் மீதி 186 கிராமங்களுக்குச் சிறிது காலம் கழித்தும் உதவி சேருமாறு குலுக்கல் முறையில் வரிசையை நிர்ணயித்தது. பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும், குடும்பம் சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணம் தாயின் கையில் கொடுக்கப்பட்டது. மேல் வகுப்புகளில் பெண்பிள்ளைக்குத் தொகை அதிகம். இரு பிரிவு கிராமங்களையும் ஒப்பிட்டதால் பலன் இவ்வளவு என்று எவரும் மறுக்கவொண்ணாதபடி தெரிந்தது; ஆட்சி மாறியபோதும் திட்டம் நிலைத்ததற்கு அந்த நிரூபணமே பெருந்துணையாயிற்று. அரசியல் சார்பினால் வரிசை நிர்ணயிக்கப்படுவதைக் காட்டிலும் குலுக்கல் அநீதியானது என்று கூற முடியுமா?

எதை அளக்கிறோம் என்பதும் எப்படி அளக்கிறோம் என்பதைப்போலவே முக்கியமானது. மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998 முதல் 75 பள்ளிகளில் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்து ஆராய்ந்த மைக்கேல் கிரேமரும் எட்வர்டு மிகெலும், பள்ளிக்கு வராமலிருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டனர். ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்பதையும் மறைக்காமல் கூறினர். குழந்தை வகுப்பறைக்கு வருவது ஒன்று, அங்கே கற்பது மற்றொன்று. தேர்ச்சி விழுக்காட்டில் முன்நின்ற விருதுநகர் மாவட்டமே குழந்தைத் தொழிலுக்கும் பெயர்பெற்றிருந்த முரண் இங்கே விளங்கும். அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களைப் பற்றியது. ஐந்தாம் வகுப்போடு கட்டை அடுக்கப் போன சிறுமி அதில் தோற்றவளாகக்கூட இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டில் அண்மைக்காலத்தில் இவ்வாறு அளப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கிடைத்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஏறக்குறைய இரண்டு இலட்சம் தன்னார்வலர்களைக் கொண்டு, தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் மாலைநேர வகுப்புகள் நடத்தியது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்ததில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கணக்கிட்டனர். ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி, சிறு ஊக்கத்தொகை, வீட்டருகே வகுப்பு, குழந்தைவாரியாக மதிப்பீடு என்னும் நான்கும் இதில் சேர்ந்திருப்பதைக் காண்பவர், கொட்டாம்பட்டியில் தொடங்கிய மரபின் தொடர்ச்சியை இதில் உணர்வார்.

2018-இல் விருதுநகர், இராமநாதபுரத்தோடு சேர்ந்து, மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வுபெற்று, ஆரோக்கியமும் ஊட்டமும் 30 விழுக்காடு, கல்வி 30 விழுக்காடு என்று நிறை வகுத்த 49 குறியீடுகளால் அளக்கப்படலாயிற்று. அவ்வாண்டு ஜூன் முதல் அக்டோபர் வரையிலான முன்னேற்றத்தில் நாட்டிலேயே முதலிடமும் பெற்றது. இந்தப் போட்டி அதிகாரிகளுக்கு உற்சாகம் ஊட்டியது நல்லதே. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான குறியீடுகளில், பட்டாசுக் கிராமத்துக்கே உரிய தீக்காயமும் மூச்சுத் திணறலும் வீட்டுவேலைச் சிறுமியின் களைப்பும் இடம்பெறுவதில்லை. பிறர் வகுத்த அளவைக்கு அப்பால் தனக்கென ஓர் அளவையையும் மாவட்டம் வகுத்துக்கொள்ளுதல் அவசியம்.

இன்றைய தேவை

பட்டாசுத் தொழிலில் இன்று ஆரோக்கியமும் கல்வியும் பெரியவர்களின் உடம்பின் வழியே இணைகின்றன. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கையாளும் பெற்றோரில் ஒருவர் காயமுற்றால், மறுவாரமே அவ்வீட்டின் மூத்த பிள்ளையின் படிப்பு ஆபத்துக்குள்ளாகிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த பெருவிபத்துகளில் பலர் மாண்டனர். முதலிப்பட்டியில் உயிரிழந்தோரில் உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த ஊரார் பலர். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யலாகாது என்ற விதியும், உரிமம் பெற்ற இடத்தை உள்குத்தகைக்கு விடலாகாது என்ற விதியும் ஏட்டில் இருந்தும் மீறப்படுவதே விபத்துதோறும் வெளிப்படும் காரணம். ஆகவே பாதுகாப்புக் கல்வி ஆலைக்குள் சுவரொட்டியாக நின்றுவிடாமல், வெடிச்சத்தம் கேட்டால் எவ்வளவு தூரம் விலகவேண்டும், தீக்காயத்தின்மேல் எதைப் போடலாகாது, மதுரை மருத்துவமனைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் செல்லுமுன் என்ன முதலுதவி செய்யவேண்டும் என்பவற்றைக் கிராமத்துப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பழகிக்கொள்ளும் பயிற்சியாக மாறவேண்டும். 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியை அப்பயிற்சிக்கும், தொழிலாளரின் நுரையீரலைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சிக்கும் மையமாக்கலாம். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவிக்கப்பட்டது, இவ்விரு துறைகளும் ஒரே குடும்பத்தில் சந்திக்கின்றன என்பதை அரசு உணர்ந்ததற்கு அடையாளம்.

இன்னும் எட்டப்படாத பருவம் 14 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. தொழிற்சட்டம் 18 வயதுவரை அபாயத் தொழிலைத் தடுக்கிறது. இடையிலுள்ள நான்காண்டுகளில் ஒரு பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லும் சட்டம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் கதவுக்கு அப்பாலிருந்து அழைக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே தவறிப்போகும் பெண் அக்கதவை அடைவதே இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபின், வேலைநாட்கள் சுருங்கி வருமானம் நிச்சயமற்றுப்போன வீடுகளில் இந்த அபாயம் மிகுந்திருக்கிறது.

ஆகவே இவ்வட்டாரத்துக்கு அடுத்து வகுக்கப்படும் திட்டம், கிராமம் ஒன்றுக்கு ஊர்ப் பெண் ஒருவரை முழுநேர ஊதியத்தில் அமர்த்தி, எட்டாம் வகுப்பைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், வீட்டில் வேலைசெய்யும் நேரத்தையும், பெற்றோரின் உடல்நிலையையும் ஒரே ஏட்டில் குறிக்கச் செய்யவேண்டும். பள்ளிக்கு வருவதை நிபந்தனையாகக் கொண்ட உதவியை, மாதக்கணக்கில் தேக்காமல், கூலி வரும் கிழமையிலேயே தாயின் கைக்குச் சேர்க்கவேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அதை உயர்த்தித் தரவேண்டும். ஒன்றியங்களுக்குப் பரவும் வரிசையைக் குலுக்கலால் நிர்ணயித்து, மூன்றாண்டு முடிவில் பலனைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று; தனித்தனியே ஒவ்வொன்றும் இம்மாநிலத்திலோ பிற நாட்டிலோ பரீட்சித்துப் பார்க்கப்பட்டதே. இவற்றை ஒன்றுசேர்த்து ஒரு கிராமத்தில் நடைபெறச் செய்யும் நிர்வாகச் சிரத்தையே குறைவாயிருந்தது. 40 ஆண்டுகளுக்கு முன் ஆலைக்காரர்களால் ஒரு வண்டியையும் ஓர் ஏஜெண்டையும் கொண்டு நாள் தவறாமல் செய்யமுடிந்த காரியத்தை, ஆட்சியரையும் மருத்துவரையும் ஆசிரியரையும் தன்னிடத்தே கொண்ட அரசு செய்ய இயலாது என்று வாதிப்பது நியாயமாகாது.